பச்சை மரத்தில் நத்தார்த் தொங்கட்டான் கடையலாமா?

கேள்வி, 14 நவம்பர் 2023

"எங்கள் பின்வளவு மரத்தை அடுத்த மாதம் தறிக்கிறார்கள். பிள்ளைகள் ஏறி விளையாடிய மரம். அதிலேயே ஆளுக்கொரு நத்தார்த் தொங்கட்டான் கடைந்து கொடுக்க ஆசை. கடைச்சல் தெரிந்த ஒருவரைக் கேட்டேன். பச்சை மரத்தில் கை வைக்காதே, வெடித்துவிடும், இரண்டு வருடம் காயவிடு என்றார். இந்த நத்தாருக்கே கொடுக்க வழி உண்டா?"

14 நவம்பர், இரவு

உண்டு. உங்களுக்குச் சொன்னவரும் பொய் சொல்லவில்லை. அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் காயவேண்டும் என்பது தச்சர்களின் பழைய கணக்கு. பலகைக்கும் தூணுக்கும் அது சரி. உள்ளே குடைந்த உருண்டையாகக் கடையும் மெல்லிய தொங்கட்டானுக்கு அது தேவையில்லை.

மரம் ஏன் வெடிக்கிறது என்று பாருங்கள். வெளிப்பக்கம் முதலில் காய்ந்து சுருங்கப் பார்க்கும். உள்ளே இன்னும் ஈரம், அது சுருங்க விடாது. அந்த இழுபறியில்தான் கிழிகிறது. சுவரை 3 மில்லிமீற்றருக்குக் கொண்டுவந்துவிட்டால் உள்ளும் புறமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே காயும். நெளியும், கோணும், ஆனால் அநேகமாக வெடிக்காது.

இரண்டு விஷயத்தை மட்டும் விடக்கூடாது. மரத்தின் நடுப்புள்ளி, வளையங்கள் எல்லாம் தொடங்குகிற இடம், உங்கள் துண்டுக்குள் வரவே கூடாது. அடுத்தது, மரம் நின்ற வாக்கிலேயே துண்டைக் கடைச்சல் பொறியில் ஏற்றுங்கள், நார் பொறியின் அச்சோடு போகட்டும். குறுக்கு நாரில் உருண்டை கடையவே வேண்டாம்.

உருண்டையைக் கீழ் ஓட்டை வழியாகக் குடைந்து, அந்த ஓட்டையைக் கூர் ஒன்றால், கீழே தொங்கும் ஊசிபோன்ற முனையால், மூடுவதுதான் வழக்கமான முறை. அந்தக் கூர்முனையையும் அதே மரத்தில் கடைந்து அன்றே ஒட்டிவிடலாம்.

எங்கள் வீட்டு மரமும் இந்தச் சனிக்கிழமை விழுகிறது. நானும் இதே வேலைதான் செய்யப்போகிறேன். நடப்பதை இங்கேயே எழுதுகிறேன்.

15 நவம்பர்

அனுமதி பற்றி ஒருவர் கேட்டிருந்தார். ரொறன்ரோவுக்குள் என்றால், நிலத்திலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் அளந்து விட்டம் 30 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ இருந்தால், உங்கள் சொந்த வளவில் நிற்கும் மரமானாலும் மாநகராட்சி அனுமதி வேண்டும். எங்களுடையது அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். வெள்ளி மேப்பிள். காற்றடித்தால் இலையின் அடிப்பக்கம் வெள்ளிபோல மின்னும், அதனால் அந்தப் பெயர். வேகமாக வளரும், கவட்டில் பிளக்கும். 2013 டிசம்பர் 21 இரவு தொடங்கிய பனிக்கட்டி மழையில் இதன் பெரிய கிளை ஒன்று முறிந்து விழுந்தது. அந்த முறை நகரில் மின்சாரம் இழந்த இணைப்புகளே மூன்று இலட்சம். நாங்கள் நத்தாரை மெழுகுதிரியோடு, கோட்டும் தொப்பியும் போட்டபடி கொண்டாடினோம். அந்தக் கிளை முறிந்த இடத்திலிருந்து பிளவு இறங்கிக்கொண்டே வந்தது. இந்த வருடம் கூரைக்கு ஆபத்து என்று ஆகிவிட்டது.

18 நவம்பர்

மரம் விழுந்துவிட்டது.

காலை எட்டு மணிக்கு வந்தவர்கள் இரண்டு மணிக்குள் முடித்தார்கள். அம்மா யன்னலடியில் கதிரை போட்டு முழுவதையும் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

தண்டில் இரண்டடித் துண்டு ஐந்து கேட்டு வாங்கினேன். வாங்கியதும் செய்தது ஒன்றுதான்: ஒவ்வொரு முனையிலும் உருக்கிய மெழுகு பூசினேன். மரத்தில் தண்ணீர் போவது பெரும்பாலும் நார்முனை வழியாகத்தான். வெட்டுமுகத்தை ஒரு நாள் வெயிலில் விட்டால்கூட மயிரிழை வெடிப்பு தொடங்கிவிடும். மெழுகு இல்லையா, வீட்டில் மிஞ்சிய பெயின்ரைத் தடிப்பாகப் பூசுங்கள். அடுத்தது, துண்டை நடுப்புள்ளி வழியே நெட்டுக்குப் பிளந்து இரண்டாக்குங்கள். வட்டமாக விட்டால் நடுவிலிருந்து வெளியே ஒரு வெடிப்பு நிச்சயம்.

இன்னொன்று. ஒரு துண்டின் வெட்டுமுகத்தில் நீலக்கறுப்பாக ஒரு தழும்பு தெரிந்தது. மை ஊறின மாதிரி. மேப்பிள் வெள்ளை மரம், அதில் இப்படி ஒரு நிறம் சாதாரணமாக வராது. உள்ளே இரும்பு இருக்கிறது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. 1994இல் அப்பா அடித்த ஆணி. நாலு அங்குல ஆணி. ஒவ்வொரு வருடமும் சட்டமும் நிறக் கடதாசியும் வைத்து ஒரு நட்சத்திரக் கூடு கட்டி, அந்த ஆணியில் கயிறு போட்டுத் தொங்கவிடுவார். மரம் பருக்கப் பருக்க ஆணி உள்ளே போய்விட்டது. கொஞ்ச வருடம் தலை தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை.

ஆணித் துண்டை ஒதுக்கி வைத்தேன். உளிக்கு ஆகாது.

19 நவம்பர்

"முப்பது வருடத்தில் ஆணி மேலே ஏறியிருக்க வேண்டுமே, தண்டில் எப்படி அகப்பட்டது?" என்று கேட்டவருக்கு: ஏறாது. மரம் நுனியில்தான் உயரும், தண்டு பருக்க மட்டுமே செய்யும். அப்பா தன் தலைக்கு மேல் கையெட்டும் உயரத்தில் அடித்தார். நேற்று அளந்தபோதும் அதே உயரம்தான்.

20 நவம்பர்

முதல் உருண்டை முடிந்தது. இதை ஆறுதலாகவே எழுதுகிறேன், பச்சை மரத்தில் உளி ஓடுவதைப் பார்க்காதவர்களுக்காக.

காய்ந்த மேப்பிளில் தூசிதான் பறக்கும். பச்சையில் அப்படி இல்லை. குழியுளியை வைத்ததும் நீளநீளமாகச் சீவல் வருகிறது, திருவிய தேங்காய்ப்பூ நூல்போல, ஈரமாக, குளிர்ச்சியாக. பொறி சுற்றும் வேகத்தில் தண்ணீர் தெறிக்கிறது. முகக்கவசத்தில் புள்ளிபுள்ளியாக ஒட்டுகிறது. நக்கிப் பார்த்தால் இலேசாக இனிப்பு. இனிப்புக்கு முறைப்படி சீனி மேப்பிள்தான் பேர் பெற்றது, ஆனால் வெள்ளி மேப்பிளின் நீரையும் காய்ச்சிப் பாகாக்கலாம். கராஜ் முழுக்க வெட்டிய வெள்ளரிக்காய் மணம்.

60 மி.மீ. விட்டத்தில் வெளியுருவம். பிறகு கீழே 12 மி.மீ. ஓட்டை போட்டு, வளைந்த உளியால் உள்ளே குடைந்தேன். உள்ளே கண் போகாது, காதால்தான் பார்க்கவேண்டும். தடித்த சுவரில் உளி "தொப்" என்று பேசும். மெலிய மெலிய ஒலி மேலே ஏறும்.

அடுத்தது விளக்கு. பொறியை நிறுத்திவிட்டு, கராஜ் லைற்றை அணைத்து, சின்ன எல்.ஈ.டி. ஒன்றை ஓட்டைக்குள் விட்டேன். ஈர மரம் மெலிந்தால் வெளிச்சத்தை விடும். உருண்டை தோடம்பழ நிறத்தில் எரிந்தது. தோள்பட்டையில் ஒரு பட்டை மட்டும் கறுப்பு. அங்கே இன்னும் தடிப்பு என்று அர்த்தம். அந்த இடத்தை எடுத்து மறுபடி விளக்கு, மறுபடி உளி. நாலாம் தரம் சுற்றிவர ஒரே நிறம்.

கூர்முனையையும் ஈரத்தோடு கடைந்து ஒட்டிவிட்டேன். அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு கையாலும் ஏந்தி, "குளிருது" என்றார்.

வேலை முடிந்ததும் பொறியின் இரும்புப் படுக்கையைத் துடைத்து மெழுகு தேய்க்க மறக்காதீர்கள். ஈரச் சீவல் ஒரு இரவு கிடந்தால் காலையில் துரு.

24 நவம்பர்

14ஆம் திகதி எழுதியதில் ஒரு வரியைத் திருத்தவேண்டும். கடைந்த அன்றே கூர்முனையை ஒட்டாதீர்கள்.

முதல் உருண்டையில் கூருக்கும் உருண்டைக்கும் நடுவே இன்று கடதாசி போகிற இடைவெளி. இரண்டு பக்கம் இடைவெளி, மற்ற இரண்டு பக்கம் இறுக்கம். இறுகின பக்கத்தில் ஓட்டை விளிம்பு சின்னதாகக் கீறியும் விட்டது. உருண்டைச் சுவரைப் பற்றி அவ்வளவு யோசித்தேன், கூர் செருகிய இடத்தைப் பற்றி யோசிக்கவில்லை. அந்த இடத்தில் சுவரும் கூரின் தண்டும் சேர்ந்து தடித்த கட்டை ஆகிவிட்டது. தடித்த பச்சைக் கட்டை என்ன செய்யும் என்று நானே எழுதியிருந்தேன்.

ஏன் இரண்டு பக்கம் மட்டும் இடைவெளி? மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவு சுருங்காது. வளையத்தைத் தொடர்ந்து போகும் திசையில் அதிகம். நடுவிலிருந்து வெளியே போகும் திசையில் அதில் பாதி, சில மரத்தில் பாதியும் இல்லை. நார் ஓடும் நெட்டுத் திசையில் சுருக்கமே இல்லை என்று சொல்லலாம். வெள்ளி மேப்பிளுக்கு, பச்சையிலிருந்து முழுதாகக் காயும்வரை, வளையத் திசையில் 7.2 வீதம், நடுவிலிருந்து வெளியே போகும் திசையில் 3 வீதம் என்பது அறிந்த கணக்கு. வீட்டுக்குள் மரம் முழுதாகக் காய்வதில்லை, 6 அல்லது 7 வீத ஈரம் எப்போதும் தங்கும். அப்படிப் பார்த்தால் என் 60 மி.மீ. உருண்டையின் விட்டம், ஒரு பக்கம் கிட்டத்தட்ட 58.6, மற்றப் பக்கம் 56.7 என்று வரவேண்டும். இன்று அளந்தேன். 58.7, 57.0. இன்னும் கொஞ்சம் இறங்கும்.

கண்ணுக்குத் தெரியுமா என்றால், கையில் உருட்டினால் தெரியும். தொங்கினால் தெரியாது. எனக்கு அது குறையாகவும் படவில்லை. மரம் தன் வாக்கில் போய்ச் சேர்ந்த உருவம் அது. கூர் பொருந்தும் ஓட்டையை மட்டும், உருண்டை காய்ந்த பிறகு மறுபடி பொறியில் ஏற்றி வட்டமாக்கவேண்டும். அதற்காக ஓட்டையைச் சுற்றிக் கொஞ்சம் தடிப்பு விட்டு வையுங்கள், 4 மி.மீ. போதும். கூருக்குக் காய்ந்த மரம்.

26 நவம்பர்

எப்போது காய்ந்தது என்று எப்படித் தெரியும்? தராசு. சமையல் தராசு போதாது. நகைக்கடையில் வைக்கிற மாதிரி 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு வாங்குங்கள், விலை அதிகமில்லை.

இரண்டாவது உருண்டை, கடைந்த அன்று 24.3 கிராம். இரண்டாம் நாள் 19.6. நாலாம் நாள் 16.8. போன ஏழரைக் கிராமும் வெறும் தண்ணீர்! இந்த மரத்தின் வெளிப்பகுதியில் உலர்ந்த மரத்தின் எடைக்குச் சமமான எடையில் தண்ணீர் இருக்கும் என்பார்கள், கையில் எடுத்துப் பார்த்தபோது நம்பினேன். இரண்டு மூன்று நாள் எடை அசையாமல் நின்றால் வேலை முடிந்தது.

நான் பழுப்புக் கடதாசிப் பையில், வாயை மடித்து, கராஜின் குளிரான மூலையில் வைக்கிறேன். சிலர் ஈரச் சீவலையும் பைக்குள் போடச் சொல்வார்கள். மெல்லிய உருண்டைக்கு அது வேண்டாம், மூன்றாம் நாள் பூஞ்சணம் பிடித்துவிட்டது.

மைக்ரோவேவ் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். செய்யலாம். குறைந்த சக்தியில் அரை நிமிடம், எடுத்து முழுதாக ஆறவிட்டு, மறுபடி அரை நிமிடம். அவசரப்பட்டால் உள்ளிருந்து கருகும், வெளியே ஒன்றும் தெரியாது. ஒன்று அப்படிப் போய்விட்டது. சோறு சூடாக்கும் மைக்ரோவேவில் இதைச் செய்து வீட்டில் உள்ளவர்களிடம் பேச்சு வாங்கவும் வேண்டாம். நான் பிறகு அதைத் தொடவில்லை.

28 நவம்பர்

மூன்றாவது உருண்டையில் சாம்பல் நிற விரல் அடையாளங்கள். உளி தீட்டிய கையோடு ஈர மரத்தைப் பிடித்திருக்கிறேன். கண்ணுக்குத் தெரியாத இரும்புப் பொடி, ஈரம், மரத்திலுள்ள துவர்ப்பு மூன்றும் சேர்ந்தால் நிறம் மாறும். தேசிக்காய்ச் சாறு பூசினேன், ஐந்து நிமிடத்தில் மறைந்தது. உடனே நல்ல தண்ணீரால் துடைத்துவிட வேண்டும். ஓக் மரத்தில் இது இன்னும் மோசம், மைபோலவே கறுக்கும்.

துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் யோசனை வந்தது. ஒதுக்கி வைத்த ஆணித் துண்டிலுள்ள கறையும் இதே கறைதான். விரலடையாளத்தைத் தேசிக்காயால் அழிக்கிறேன், சரி. அப்பாவின் ஆணி விட்ட அடையாளத்தை ஏன் விறகுக் குவியலில் வைத்திருக்கிறேன்?

2 டிசம்பர்

ஆணியை எடுத்துவிட்டேன்.

சுவரில் ஆணி தேடும் சின்ன உலோகமானியால் இடத்தைக் குறித்து, மேலேயிருந்து மரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கிக்கொண்டு போனேன். எட்டுச் சென்ரிமீற்றர் ஆழத்தில் தலை. ஆணித் தலையைச் சுற்றி மரம் கருநீலம், அதற்கு வெளியே சாம்பல், அதற்கு வெளியே வெள்ளை. தலையில் இன்னும் நைலோன் கயிற்றின் ஒரு சுற்று. பச்சைக் கயிறு. மரம் அதையும் சேர்த்து விழுங்கியிருக்கிறது.

குறட்டால் பிடித்து இழுத்தேன். வரவில்லை. பசுமரத்தாணி என்று சின்ன வயதில் பாடமாக்கிய சொல், அதன் இறுக்கம் அன்றுதான் கைக்குத் தெரிந்தது. இலேசாகத் திருகித் திருகி இழுக்க, கதவு கீல்போல முனகிக்கொண்டு வந்தது. நேரான ஆணி. துரு ஏறியிருக்கிறது, வளையவில்லை.

இனி உருண்டை. ஆணி இருந்த துளை 5 மி.மீ. வரும். அந்தத் துளையையே உச்சி ஓட்டையாக வைத்தால், தொங்கவிடும் கயிறு ஆணி இருந்த பாதையிலேயே போகும். ஆனால் ஆணி வெளியிலிருந்து நடுவை நோக்கி அடித்தது. அது உச்சியில் வரவேண்டும் என்றால் நார் குறுக்கே ஓடும். முதல் நாளே "குறுக்கு நாரில் உருண்டை கடையவே வேண்டாம்" என்று எழுதினேன். அந்த வரியைத் திருப்பி எடுக்கிறேன். கடையலாம். என்ன ஆகும் என்று தெரிந்து கடையுங்கள், அவ்வளவுதான். நார் வாக்கில் கடைந்தால் விட்டத்தில் வித்தியாசம் 2 மி.மீ. வரை. குறுக்கில் கடைந்தால் ஒரு பக்கம் சுருங்கவே சுருங்காது, மற்றப் பக்கம் 3 மி.மீ.க்கு மேல் சுருங்கும். முட்டை மாதிரி ஆகும். நார்முனை இரண்டு இடத்தில் உளிக்கு எதிராக வரும், அங்கே பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும்.

துண்டு முழுவதையும் உலோகமானியால் இரண்டு தரம் பார்த்தேன். பொறியின் வால்முனையில் துண்டைத் தாங்கும் ஊசியை ஆணித் துளைக்குள் வைத்து மையம் பிடித்தேன். உளியை மூன்று தரம் தீட்டினேன். கடைசி அரை மில்லிமீற்றரை மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் எடுத்தேன். விளக்கை உள்ளே விட்டால், மற்ற இடமெல்லாம் தோடம்பழ நிறம், துளையைச் சுற்றி மட்டும் வெளிச்சம் போகவில்லை. கறை நாரோடு இரண்டு பக்கமும் நீண்டு, மை தீட்டிய கண்மாதிரி நிற்கிறது.

3 டிசம்பர்

"பச்சை மரத்தில் நத்தார்ச் சாமான் செய்வது புதுமையா?" என்று கேட்டவருக்கு. இல்லவே இல்லை. ஜெர்மனியில் செக் எல்லையோரம் எர்ட்ஸ்கெபிர்கே என்ற மலைப்பகுதி, அதில் ஸைஃபன் என்று ஓர் ஊர். வெள்ளீயச் சுரங்கத் தொழில் படுத்தபோது அங்குள்ளவர்கள் மரத்துக்கு மாறினார்கள். அக்கா ஜெர்மனியில் இருப்பதால் ஒரு நத்தார்க்காலம் போய்ப் பார்த்தேன். ஈர ஸ்ப்ரூஸ் மரத்தின் முழு வட்டத்துண்டைப் பொறியில் ஏற்றி வளையமாகக் கடைகிறார்கள். கடையும்போது அது வெறும் பள்ளமும் மேடும் உள்ள வளையம்தான். அதைக் கேக் வெட்டுவதுபோலத் துண்டு துண்டாகப் பிளந்தால், ஒவ்வொரு துண்டின் வெட்டுமுகத்திலும் பசு, ஆடு, குதிரை! ஒரு வளையத்தில் ஒரு மந்தை. முதல் பிளப்பு வரைக்கும் கடைபவருக்கும் உருவம் கண்ணில் படாது. மரம் ஈரமாக இருந்தால்தான் அப்படிச் சுத்தமாகக் கடையவும் பிளக்கவும் வரும். அங்குள்ள திறந்தவெளி அருங்காட்சியகத்தில் தண்ணீர்ச் சக்கரத்தால் ஓடும் பழைய கடைச்சல் பட்டறை இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் விடாதீர்கள்.

இதற்கு நேர்மாறு கர்நாடகத்துச் சன்னபட்டணம். அங்கே வெப்பாலை மரத்தை முதலில் நன்றாகக் காயவிட்டுத்தான் கடைவார்கள். சுற்றும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்த, உரசும் சூட்டில் அரக்கு உருகி நிறமாகப் படியும். ஈர மரத்தில் அரக்கு பிடிக்காது.

9 டிசம்பர்

கூர்களுக்குக் காய்ந்த மரம் வேண்டுமென்று எழுதினேன் அல்லவா. கராஜ் பரணில் கிடந்தது, 2013இல் முறிந்த கிளையின் துண்டு. அப்பா அதை விறகாக்க விடவில்லை, "ஒரு காலம் உதவும்" என்று ஏற்றி வைத்தார். பத்து வருடம் காய்ந்திருக்கிறது.

கிளை மரம் தண்டு மரம்போல இல்லை. கிளை தன் பாரத்தைத் தாங்க மேல்பக்கத்தில் இழுவிசை மரம் ஒன்றை வளர்க்கும். அந்தப் பக்கம் உளி பட்டால் பஞ்சுபோலச் சிலும்பும், உப்புத்தாள் போட்டால் இன்னும் சிலும்பும். முதல் இரண்டு கூரும் அப்படியே போயின. கிளையின் கீழ்ப்பாதியிலிருந்து எடுத்த துண்டு நன்றாக வந்தது. நுனி 3 மி.மீ., நீளம் 90 மி.மீ. நுனியிலிருந்து தொடங்கி, முடித்த பகுதிக்குத் திரும்பிப் போகாமல், அடியை நோக்கி வரவேண்டும். இடது கை விரலைப் பின்னால் தாங்கக் கொடுங்கள், அழுத்தாமல், தொட்டுக்கொண்டு மட்டும்.

10 டிசம்பர்

கேள்வி கேட்டவரின் மரம் ஆஷ் என்று எழுதியிருக்கிறார். அப்படியென்றால் கவனம். மரகத நிற வண்டு ஒன்று 2002இல் டெற்றோயிற் பக்கத்திலும் வின்சரிலும் கண்டுபிடிக்கப்பட்டு, இன்று ஒன்ராறியோவின் ஆஷ் மரங்களைப் பெருவாரியாக அழித்துவிட்டது. அதன் புழு பட்டைக்கடியில் இருக்கும். பட்டையோடு துண்டுகளை வேறு ஊருக்குக் கொண்டுபோகாதீர்கள், உறவினருக்கும் கொடுக்காதீர்கள். உங்கள் வளவிலேயே பட்டையை உரித்துக் கடையுங்கள். ஆஷ் நன்றாகவே கடையும். மேப்பிளைவிட நார் முரடு என்பதால் சுவரை 3 மி.மீ.க்குக் கீழே கொண்டுபோகவேண்டாம்.

17 டிசம்பர்

கணக்கு: ஏழு உருண்டை கடைந்தேன். ஒன்று ஒட்டின இடத்தில் கீறியது, ஒன்று மைக்ரோவேவில் போனது, ஒன்றில் கணு வாக்கில் வெடிப்பு. நாலு நல்லபடி வந்தன. அக்காவுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று, என் மகளுக்கு ஒன்று. ஆணி உருண்டை அம்மாவுக்கு.

அது 59.9க்கு 56.6. முட்டைதான். பிய்ந்துபோகும் என்று பயந்த இடம் உப்புத்தாளில் சரியாகிவிட்டது. கீழ் ஓட்டையை மறுபடி வட்டமாக்கினேன். மூடுவதற்கு முன்னால் உச்சித் துளை வழியாகக் கயிறு விட்டு, உள்ளே முடிச்சுப் போட்டேன். ஆணித் தலையில் இருந்த பச்சை நைலோன் கயிறு தொட்டதும் உதிர்ந்துவிட்டது, அதனால் அதே பச்சையில் புதுக் கயிறு. பிறகு கூர். கடைசியில் அரக்கை மதுசாரத்தில் கரைத்து மெல்லிசாக இரண்டு பூச்சு, வேறொன்றும் இல்லை. எண்ணெய் பூசினால் மேப்பிள் மஞ்சளாகும், கறையின் நீலமும் மங்கும்.

25 டிசம்பர்

அம்மா உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கறையில் விரலை வைத்து, "இது என்ன, ஊத்தையா?" என்று கேட்டார். ஆணியை எடுத்துக் கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அந்த மனுசன் கூடு கட்ட எனக்குச் சட்டம் பிடிக்கவே நேரம் சரி. ஒரு முறை ஏணியிலிருந்து விழவும் பார்த்தார்" என்று தொடங்கி, யாருக்கும் இதுவரை சொல்லாத கதையெல்லாம் சொன்னார். சோறு ஆறிவிட்டது.

21 ஜனவரி 2024

ஹீற்றர் ஓடும் வீட்டில் காற்று வறண்டு கிடக்கிறது. மகளின் உருண்டையில் கூர் தளர்ந்துவிட்டது. ஒட்டும்போது பசை போதவில்லை. வெள்ளைப் பசை ஒரு துளி வைத்து அமர்த்தினேன், சரி. உங்களுடையது தளர்ந்தால் சூப்பர் குளூ வைக்காதீர்கள். அது காய்ந்தால் கொடுக்காது, மரம் இன்னும் அசையும்.

அம்மாவின் உருண்டை 56.5.

14 ஜூலை 2024

கேள்வி கேட்டவர் படம் போட்டிருக்கிறார். மூன்று பிள்ளைகளுக்கு மூன்று ஆஷ் தொங்கட்டான், ஒன்றிலும் வெடிப்பில்லை. மிகவும் சந்தோஷம். நடுப்பிள்ளையின் உருண்டை கொஞ்சம் கூடச் சரிந்திருக்கிறது என்று வருத்தப்பட்டிருக்கிறார். கடைந்து திருத்தப்போகாதீர்கள், அந்தச் சுவரில் எடுக்க மரம் இல்லை. கயிற்றின் முடிச்சை அரை மில்லிமீற்றர் தள்ளிப் போடுங்கள், நேராகத் தொங்கும்.

ஜூலைப் புழுக்கத்தில் மரம் தண்ணீர் குடிக்கும் என்று தெரியும், எவ்வளவு என்று அறிய அம்மாவின் உருண்டையை இறக்கி அளந்தேன். 57.1. குளிர்காலத்தில் விட்டதில் 0.6 மி.மீ. திரும்பி வந்திருக்கிறது. அதை மற்ற அலங்காரங்களோடு பெட்டியில் போட அம்மா விடவில்லை. யன்னலில், மரம் நின்ற பக்கம் பார்த்தபடி, வருடம் முழுக்கத் தொங்குகிறது. ஆணி அவருடைய தையல் பெட்டிக்குள் இருக்கிறது.